எஸ்பிஎம் மென்பொருளில் பிழை வரும்போது: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

எஃப்எம்ஆர்ஐ (மூளையின் செயல்பாட்டைக் காட்டும் காந்த ஸ்கேன்) தரவை எஸ்பிஎம் என்னும் புள்ளியியல் மென்பொருள் கொண்டு பகுத்தாய்பவர்களுக்கு இரண்டு வகைப் பிழைகள் நேரும். மென்பொருள் சிவப்பு எழுத்தில் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடுவது ஒரு வகை. எந்தச் செய்தியும் இல்லாமல் கடைசிப் படிவரை ஓடி, பார்வைக்கு நேர்த்தியான, ஆனால் தவறான மூளை வரைபடத்தைக் கையில் கொடுத்துவிடுவது மற்றொரு வகை. முதல் வகையில் சில மணி நேரம் வீணாகும். இரண்டாம் வகையில் ஆய்வேடு முழுவதும் வீணாகலாம். ஆகவே இந்த வழிமுறையில் சிவப்புச் செய்திகளைவிட, ஓசையில்லாமல் நடக்கும் தவறுகளுக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

எஸ்பிஎம்மின் முதல் வடிவத்தை 1991இல் கார்ல் ஃபிரிஸ்டன் பெட் ஸ்கேன் தரவுக்காக எழுதினார். இன்று அது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் குவீன் ஸ்கொயர் மையத்திலிருந்து ஜிபிஎல் உரிமத்தின்கீழ் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் மூலநிரலை எவரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். பிழை தேடுகிறவருக்கு இது பெரிய வசதியாகும், ஏனெனில் எந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, கோப்பைத் திறந்தே பார்த்துவிடலாம். கீழே சொல்லப்படுவன 2014 அக்டோபரில் வெளியான எஸ்பிஎம் 12ஐ மனத்தில் கொண்டவை. 2025இல் எஸ்பிஎம் 25 வந்திருந்தாலும், பல ஆய்வகங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது 12தான்.

எந்த அறிகுறியாயினும், அமைப்புகளில் கை வைப்பதற்கு முன் இரண்டு பொத்தான்களை அழுத்திப் பாருங்கள். ஒரு படத்தைத் தனியே காட்டும் ‘டிஸ்ப்ளே’ ஒன்று. பல படங்களை ஒரே ஆயத்தொலைவில் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட உதவும் ‘செக் ரெஜ்’ மற்றொன்று. என்னிடம் உதவி கேட்டு வந்தவற்றுள் பெரும்பாலான சிக்கல்களின் காரணம் இந்த இரண்டு சாளரங்களில் ஐந்து நிமிடத்துக்குள் கண்ணில் பட்டிருக்கிறது.

எஸ்பிஎம் திறக்கவே மறுக்கிறது, அல்லது திறந்தபின் வினோதமான இடங்களில் நின்றுபோகிறது

எஸ்பிஎம் ஓடுவதற்குத் தளமான மேட்லேப் என்னும் கணிப்பு மென்பொருளின் பாதைப் பட்டியலில் எஸ்பிஎம் கோப்புறையைச் சேர்க்கும்போது ‘உட்கோப்புறைகளுடன் சேர்’ என்பதைத் தேர்ந்தெடுப்பதே இதற்கு மிகப் பொதுவான காரணம். எஸ்பிஎம்முக்குத் தலைமைக் கோப்புறை ஒன்று மட்டும் போதும். தேவையான உட்கோப்புறைகளை அது தானே சேர்த்துக்கொள்ளும். நீங்கள் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டால், உள்ளே இருக்கும் ஃபீல்ட்டிரிப் போன்ற துணைத் தொகுப்புகளில் பழைய மேட்லேப் பதிப்புகளுக்காக வைக்கப்பட்டிருக்கும் மாற்றுச் சார்புகள், மேட்லேபின் சொந்தச் சார்புகளை மறைத்துவிடும். அதன் விளைவாக எஸ்பிஎம்முக்குத் தொடர்பே இல்லாத வேலைகள்கூடத் தடுமாறும். பாதைப் பட்டியலை இயல்புநிலைக்குத் திருப்பிவிட்டு, தலைமைக் கோப்புறையை மட்டும் சேருங்கள். கணினியில் இரண்டு பதிப்புகள் இருந்தால், ‘விச் எஸ்பிஎம்’ என்று கேட்டு எந்தப் பிரதி ஓடுகிறது என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மேக் கணினியில் ‘உருவாக்கியவரைச் சரிபார்க்க முடியவில்லை’ என்ற எச்சரிக்கை மெக்ஸ் கோப்புகளை (முன்பே தொகுக்கப்பட்ட நிரல்களை) பற்றி வந்தால், அது இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளுக்கு இயங்குதளம் இடும் தனிமைப்படுத்தும் முத்திரையின் விளைவே. டெர்மினலில் ‘எக்ஸ்அட்டர்’ கட்டளை கொண்டு எஸ்பிஎம் கோப்புறை முழுவதிலிருந்தும் அந்த முத்திரையை நீக்கினால் சரியாகிவிடும். ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள கணினியில், அந்தச் சிப்புக்கென்றே தொகுக்கப்பட்ட மேட்லேபைப் பயன்படுத்துகிறவர்களுக்கு எஸ்பிஎம் 12இன் இன்டெல் மெக்ஸ் கோப்புகள் பயன்படமாட்டா. அவர்கள் புதிய பதிப்புக்கு மாறுவதே நல்லது.

மேட்லேப் உரிமம் இல்லை என்பதும் மாணவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை. எஸ்பிஎம்மை, மேட்லேபுக்கு இலவச மாற்றான ஆக்டேவிலும் இயக்கலாம். மேட்லேப் ரன்டைமுடன் தனித்து இயங்கும் தொகுக்கப்பட்ட வடிவமும் இலவசமாகக் கிடைக்கிறது. மேட்லேப் இருக்கிறவர்கள் அதன் கூடுதல் கருவிப்பெட்டி எதையும் எஸ்பிஎம்முக்காக வாங்க வேண்டியதில்லை.

கோப்புறைப் பெயர்களில் இடைவெளியும் தமிழ் எழுத்தும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் பயனர் பெயரையே தமிழில் வைத்திருப்பவர்கள், தரவை வட்டின் வேர்க் கோப்புறையில் ஆங்கிலப் பெயருடன் வைத்து வேலை செய்தால் தேவையற்ற தொல்லை தவிரும்.

கோப்புப் பட்டியல் காலியாக இருக்கிறது, அல்லது இருநூறு ஸ்கேன்களுக்குப் பதில் ஒன்று மட்டும் தெரிகிறது

எஸ்பிஎம் 12 சுருக்கப்பட்ட நிஃப்டி கோப்புகளை (மூளைப் படங்களுக்கான பொதுக் கோப்பு வடிவம்) தேர்வுச் சாளரத்தில் காட்டாது. வேறு மென்பொருளிலிருந்து வந்த தரவு ‘ஜிஇசட்’ என்று முடிந்தால் முதலில் அதை விரித்துக்கொள்ளுங்கள். எல்லா ஸ்கேன்களையும் ஒன்றாக அடக்கிய நாற்பரிமாணக் கோப்பில் ஒரு ஸ்கேன் மட்டும் தெரிவதற்குக் காரணம், தேர்வுச் சாளரத்தின் ‘ஃபிரேம்ஸ்’ பெட்டியில் இயல்பாக 1 என்றிருப்பதாகும். அதில் 1:200 என்று இட்டால் இருநூறும் வரும்.

முன்பு நன்றாக ஓடிய பகுப்பாய்வு, கோப்புறையை வேறு வட்டுக்கு மாற்றியபின் ‘கோப்பைக் காணவில்லை’ என்று நின்றால், பகுப்பாய்வின் விவரங்களைச் சேமிக்கும் எஸ்பிஎம்.மேட் கோப்புக்குள் ஒவ்வொரு படத்தின் முழுப் பாதையும் எழுதப்பட்டிருப்பதை நினைவில் கொள்ளுங்கள். எஸ்பிஎம்_சேஞ்ச்பாத் என்னும் சார்பு பழைய பாதையைப் புதியதாக மாற்றித் தரும். அதை ஓட்டுமுன் எஸ்பிஎம்.மேட்டின் பிரதியொன்றை எடுத்து வைத்துவிடுங்கள்.

நார்மலைஸ் செய்த மூளை நசுங்கியோ, சாய்ந்தோ, தலைகீழாகவோ வருகிறது

நார்மலைஸ் என்பது ஒவ்வொருவரின் மூளையையும் ஒரு பொது மூளை வடிவத்துக்குப் பொருத்தும் படி. இந்த அறிகுறியைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் இதற்குப் பின்வரும் எல்லாப் படிகளும் இதன்மேல்தான் நிற்கின்றன.

ஒவ்வொரு நிஃப்டி கோப்பின் தலைப்பகுதியிலும் ஓர் அணி இருக்கிறது. எந்த வோக்சல் (படத்தின் சிறு கனசதுரக் கூறு) மில்லிமீட்டர் கணக்கில் எங்கே இருக்கிறது என்பதை அந்த அணிதான் சொல்கிறது. மூளையைத் திசு வகைகளாகப் பிரிக்கும் செக்மென்ட் படி, உங்கள் படத்தை ஆறு திசு வகைகளின் நிகழ்தகவு வரைபடங்களுடன் பொருத்திப் பார்க்கிறது. அந்தப் பொருத்தலை அது தொடங்கும் இடம் இந்த அணி சொல்லும் இடமே. தொடக்கம் உண்மையிலிருந்து வெகு தொலைவில் இருந்தால், கணக்கீடு அருகிலுள்ள ஏதோ ஒரு பள்ளத்தில் விழுந்து அங்கேயே நின்றுவிடும். பிழைச் செய்தி வராது. மூளைக்குப் பதில் கழுத்தை எடுத்து மூளையின் வடிவத்துக்கு இழுத்துவிட்ட ஒரு படம் மட்டும் வரும்.

ஆகவே கட்டமைப்புப் படத்தை (மூளையின் உடற்கூற்றைக் காட்டும் ஸ்கேனை) டிஸ்ப்ளேயில் திறந்து, மில்லிமீட்டர் பெட்டியில் 0 0 0 என்று இட்டுப் பாருங்கள். குறுக்குக்கோடு ஆன்டீரியர் கமிஷரின் அருகில் விழ வேண்டும். இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் அந்தச் சிறிய வெள்ளை நரம்புக்கட்டு நடுக்கோட்டு வெட்டில், கார்பஸ் கலோசத்தின் முன்வளைவுக்குக் கீழும் பின்னும் தெரியும். குறுக்குக்கோடு வேறெங்கோ, சில வேளை தலைக்கு வெளியே, விழுந்தால், நீங்களே அதை ஆன்டீரியர் கமிஷரில் வைத்து ‘செட் ஆரிஜின்’ அழுத்துங்கள். தலை சாய்ந்திருந்தால் ‘பிட்ச்’, ‘ரோல்’, ‘யா’ பெட்டிகளில் சுழற்சியைத் திருத்துங்கள். பிறகு ‘ரீஓரியன்ட்’ அழுத்தி மாற்றத்தைக் கோப்பில் எழுதுங்கள். இவ்விடத்தில் கட்டமைப்புப் படத்துக்கு மட்டும் மாற்றத்தைக் கொடுத்துவிட்டு, அதனோடு ஒத்திருந்த செயல்பாட்டுப் படங்களை, அதாவது எஃப்எம்ஆர்ஐ தொடரை, விட்டுவிடுவது பலருக்கு நேரும் தவறு. இரண்டும் முன்பு ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தால், இரண்டையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே மாற்றத்தைக் கொடுக்க வேண்டும்.

0 0 0 என்னும் ஆதிப்புள்ளி சரியாக இருந்தும் செக்மென்ட் தவறுகிறதென்றால், அது எழுதிய சி1, சி2, சி3 என்று தொடங்கும் படங்களைக் கட்டமைப்புப் படத்துடன் செக் ரெஜில் ஒப்பிடுங்கள். சி1 சாம்பல் திசு, சி2 வெண்திசு, சி3 மூளைத் தண்டுவடத் திரவம். நெற்றிப்பக்கம் சரியாகவும் பின்பக்கம் தவறாகவும் பிரிந்திருந்தால், படத்தின் ஒளிர்வு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறுவதே காரணமாக இருக்கக்கூடும். அப்போது பயஸ் திருத்தத்தின் இறுக்கத்தைத் தளர்த்திப் பார்க்கலாம்.

அதே படியில் அஃபைன் ரெகுலரைசேஷன் என்னும் தேர்வில் ‘ஐரோப்பிய மூளைகள்’, ‘கிழக்காசிய மூளைகள்’ என்று இருப்பதைக் கண்டு, நம் நாட்டவரின் தரவுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்று பலரும் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். இந்தியர்களுக்கென்று தனித்தேர்வு அப்பட்டியலில் இல்லை. ஆனால் இந்தத் தேர்வு முடிவைக் கட்டாயப்படுத்துவதில்லை. தொடக்கப் பொருத்தலில் மூளையின் அளவும் நீள அகலமும் எவ்வளவு நீட்டிக் குறுக்கப்படலாம் என்பதற்கு ஓர் எதிர்பார்ப்பை மட்டும் தருகிறது. ஓர் ஆய்வில் எல்லாருக்கும் ஒரே தேர்வை வைத்து, எல்லாருடைய விளைவையும் கண்ணால் சரிபார்ப்பதே முக்கியம்.

சராசரிப் படம் பொருந்துகிறது. மற்ற ஸ்கேன்கள் பொருந்தவில்லை

ஒருவரின் இரு வகைப் படங்களையும் ஒன்றோடொன்று பொருத்தும் கோரெஜிஸ்டர் படியில் ‘ரெஃபரன்ஸ்’ நகராமல் நிற்கும் படம், ‘சோர்ஸ்’ நகரும் படம். நான் எப்போதும் செயல்பாட்டு ஸ்கேன்களின் சராசரியை நிற்கவைத்து, கட்டமைப்புப் படத்தை அதனிடம் நகர்த்துவேன், ஏனெனில் அப்போது நகர வேண்டியது ஒரே ஒரு கோப்பு. இதை மாற்றிச் செய்கிறவர்கள் மற்ற செயல்பாட்டு ஸ்கேன்களையெல்லாம் ‘அதர் இமேஜஸ்’ பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டால், சராசரிப் படம் மட்டும் நகரும், இருநூறு ஸ்கேன்களும் பழைய இடத்திலேயே நிற்கும். சரிபார்க்கும்போதும் சராசரிப் படத்தையே திறந்து பார்ப்பதால் தவறு தெரியாமல் போகும். செக் ரெஜில் சராசரியோடு முதல், நடு, கடைசி ஸ்கேன்களையும் சேர்த்துத் திறந்தால் உடனே புலப்படும்.

இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலை அசைவைத் திருத்தும் ரீஅலைன், கோரெஜிஸ்டர் இரண்டின் மதிப்பீட்டுப் படியும் படத்தின் வோக்சல்களைத் தொடுவதில்லை. தலைப்பகுதியின் அணியை மட்டும் மாற்றுகின்றன. நாற்பரிமாணக் கோப்பானால், ஒவ்வொரு ஸ்கேனுக்குமான அணி அதே பெயருள்ள ஒரு மேட் கோப்பில் பக்கத்திலேயே எழுதப்படும். நிஃப்டி கோப்பை மட்டும் வேறு கணினிக்கு நகலெடுத்து, மேட் கோப்பை விட்டுவிட்டால் தலை அசைவுத் திருத்தம் முழுவதும் காணாமல் போய்விடும். மாறாக, ஒரு முறை தவறாக ஓட்டிய கோப்பின்மேல் மீண்டும் ஓட்டினால், கணக்கீடு தொடக்க நிலையிலிருந்து அன்றி அந்தத் தவறான நிலையிலிருந்தே தொடங்கும். ஸ்கேனரிலிருந்து வந்த மூலப்பிரதியை எழுத முடியாத கோப்புறையொன்றில் பாதுகாத்து வைத்து, திருத்த வேண்டியிருந்தால் அங்கிருந்து புதிதாக எடுத்துத் தொடங்குங்கள்.

‘மாஸ்க்குக்குள் ஒரு வோக்சலும் இல்லை’ என்று நிற்கிறது. அல்லது குழு வரைபடத்தில் சிறுமூளையே காணப்படவில்லை

மாஸ்க் என்பது எந்த வோக்சல்கள் கணக்கில் சேரும் என்று குறிக்கும் படம். இவை இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். ஒரு வோக்சல் கணக்கீட்டில் சேர வேண்டுமானால், அது பட்டியலிலுள்ள எல்லாப் படங்களிலும் தகுதி பெற வேண்டும் என்பதே எஸ்பிஎம்மின் விதி. ஒரே ஒரு படத்தில் தகுதி இழந்தாலும் அது முழுக்கணக்கிலிருந்தும் விலக்கப்படும்.

ஒற்றை நபர் நிலையில், ஸ்கேனின் மொத்தச் சராசரியில் 0.8 மடங்குக்குக் குறைவான ஒளிர்வுள்ள வோக்சல்கள் விலக்கப்படுகின்றன. அப்படியானால் தொடரின் கடைசியில் ஸ்கேனர் பாதியில் நின்று வெற்றாக எழுதிய ஒரே ஒரு ஸ்கேன், முழு மாஸ்க்கையும் காலியாக்கிவிடப் போதும். எந்த ஸ்கேன் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு ஸ்கேனின் மொத்தச் சராசரியை எஸ்பிஎம்_குளோபல் சார்பால் எடுத்து ஒரு கோட்டு வரைபடமாக வரையுங்கள். குற்றவாளி பள்ளமாகத் தெரியும். வெற்று ஸ்கேன் எதுவும் இல்லையென்றால், நீங்கள் வெளியிலிருந்து கொடுத்த மாஸ்க் வேறோர் ஆயத்தொலைவில் இருக்கிறதா என்று செக் ரெஜில் பாருங்கள்.

மாஸ்க் காலியாகவில்லை, ஆனால் கண்களுக்கு மேலுள்ள முன்மூளையின் அடிப்பகுதியிலும் பொட்டெலும்பு மடலின் நுனியிலும் ஓட்டை விழுந்திருக்கிறதென்றால், அங்கே காற்றறைகளின் அருகில் காந்தப்புலம் சீர்குலைந்து சைகை மங்கியிருக்கிறது, 0.8 என்னும் வரம்பு அதை வெளியே தள்ளிவிட்டது என்று பொருள். வரம்பைக் குறைக்கலாம். அல்லது வரம்பை எதிர்ம முடிவிலியாக்கிவிட்டு, மூளைக்குரிய மாஸ்க் ஒன்றை வெளிப்படையாகத் தரலாம். நான் இரண்டாம் வழியையே விரும்புகிறேன், ஏனெனில் எந்த வோக்சல் உள்ளே, எது வெளியே என்பதை அப்போது ஆய்வாளரே முடிவுசெய்கிறார். ஆயினும் சைகையே இல்லாத இடத்தை மாஸ்க்கில் சேர்ப்பதால் அங்கே சைகை வந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குழு நிலையில் இதே விதி இன்னும் கடுமையாக வேலை செய்கிறது. இருபத்து நான்கு பேருடைய தரவில் ஒருவருக்கு ஸ்கேன் எடுத்தபோது சட்டகம் சற்று மேலே வைக்கப்பட்டு, சிறுமூளையின் கீழ்ப்பாதி வெட்டுப்பட்டிருந்தது. நாங்கள் அதைக் கவனிக்காமல் குழுப் பகுப்பாய்வை ஓட்டி, சிறுமூளையில் ஏதும் நிகழவில்லை என்று வரைவில் எழுதியும் விட்டோம். உண்மையில் அங்கே சோதனையே நடந்திருக்கவில்லை. அன்றிலிருந்து குழுக் கோப்புறையிலுள்ள மாஸ்க் படத்தை முதலில் திறந்து பார்க்காமல் எந்தக் குழு முடிவையும் நான் படிப்பதில்லை. எல்லாருடைய மாஸ்க்குகளையும் கூட்டி, ஒவ்வொரு வோக்சலிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ‘இம்கால்க்’ கொண்டு ஒரு படமாக எழுதினால், யாரால் எது குறைகிறது என்பது தெளிவாகும். அந்த நபரை நீக்குவதா, அந்தப் பகுதியைப் பற்றிப் பேசாமல் விடுவதா என்பது ஆய்வின் கேள்வியைப் பொறுத்தது. எதைச் செய்தாலும் அதைக் கட்டுரையில் எழுதுங்கள்.

‘முக்கியத்துவமுள்ள வோக்சல்கள் இல்லை’ என்று நிற்கிறது. அல்லது ஓடி முடித்தும் எங்குமே செயல்பாடு தெரியவில்லை

மதிப்பீட்டின்போதே இந்தச் செய்தி வந்தால், அடுத்தடுத்த ஸ்கேன்களுக்கிடையிலான தொடர்பைக் கணக்கிடுவதற்கு எஸ்பிஎம் தேடிய வோக்சல்கள் கிடைக்கவில்லை என்று பொருள். உங்கள் மாதிரி (தூண்டல் நேரங்களிலிருந்து அமைக்கும் புள்ளியியல் மாடல்) விளக்கும் மாற்றம் 0.001 என்னும் வரம்பில் எங்கேனும் தெரிகிறதா என்று அது முதலில் பார்க்கும். தெரிகிற வோக்சல்களை மட்டும் சேர்த்து அந்தத் தொடர்பை மதிப்பிடும். அந்த வரம்பை இயல்புநிலை அமைப்புகளில் தளர்த்தினால் செய்தி மறைந்துவிடும். ஆனால் ஒரு முழு மூளையில் உங்கள் பரிசோதனையின் சுவடு ஒரு வோக்சலில்கூட இல்லை என்பது மிக அரிதாகவே உண்மையாக இருக்கும். பெரும்பாலும் நேரக் கணக்கில்தான் தவறு இருக்கும். ஆகவே வரம்பைத் தொடாமல் நேரத்தைச் சரிபாருங்கள்.

முதலில் அலகு. ஒரு ஸ்கேனுக்கு 2 வினாடி வீதம் 200 ஸ்கேன்கள் எடுத்தால் மொத்தம் 400 வினாடி. தூண்டல் தொடங்கிய நேரங்களை வினாடியில் கொடுத்துவிட்டு அலகைப் பட்டியலில் ‘ஸ்கேன்ஸ்’ என்று விட்டுவிட்டால், 100ஆம் வினாடியில் நிகழ்ந்தது 200ஆம் வினாடியில் நிகழ்ந்ததாகக் கொள்ளப்படும். 200ஆம் வினாடிக்குப் பிந்தியவையெல்லாம் தொடருக்கு வெளியே போய்விடும். மாதிரியின் ஒவ்வொரு கூறும் ஒரு நிரலாக, அதாவது நெடுவரிசையாக, நிற்கும் வடிவமைப்பு அணியில் தூண்டல்கள் அகன்று பரவி, பாதி காணாமல் போயிருப்பதைக் கொண்டே இதைக் கண்டுகொள்ளலாம்.

அடுத்து தொடக்கப்புள்ளி. முதல் ஸ்கேனின் நேரம் 0, 1 அன்று. காந்தமாக்கல் நிலைபெறும்வரை எடுத்த முதல் சில ஸ்கேன்களை நீக்கியிருந்தால், அத்தனை வினாடிகளைத் தூண்டல் நேரங்களிலிருந்தும் கழிக்க வேண்டும். நான்கு ஸ்கேன் என்றால் 8 வினாடி. குருதி ஓட்டத்தின் மறுவினை ஏறத்தாழ ஐந்தாறு வினாடியில் உச்சம் தொடுவதால், 8 வினாடி தவறினால் மாதிரியும் தரவும் ஒன்றையொன்று சந்திக்கவே மாட்டா.

மூன்றாவது, பலரும் எண்ணிப் பார்க்காத ஹை-பாஸ் வடிகட்டி. எஸ்பிஎம் இயல்பாக 128 வினாடிக்கு மேற்பட்ட காலச்சுழற்சியுள்ள மாற்றங்களை ஸ்கேனரின் மெல்லிய நழுவல் என்று கருதி நீக்கிவிடும். உங்கள் பரிசோதனையில் 80 வினாடி செயல், 80 வினாடி ஓய்வு என்று மாறிமாறி வந்தால் ஒரு சுழற்சி 160 வினாடி. நீங்கள் அளக்க வந்ததையே வடிகட்டி எடுத்துப் போய்விடும். ‘ரிவ்யூ’ பொத்தானின் வழியே வடிவமைப்பு அணியைத் திறந்து ஒவ்வொரு நிலைமையையும் பார்த்தால், அதன் அதிர்வெண் வரைபடத்தில் நீக்கப்படும் பகுதி நிழலிட்டுக் காட்டப்படும். உங்கள் பரிசோதனையின் உச்சம் அந்த நிழலுக்குள் இருந்தால் வடிகட்டியின் எல்லையை உயர்த்த வேண்டும். அதனால் நழுவலும் சேர்ந்து உள்ளே வரும். எனவே அடுத்த பரிசோதனையில் கட்டங்களைக் குறுக்கி அமைப்பதே சிறந்தது. 20 முதல் 30 வினாடிக் கட்டங்கள் நன்றாக வேலை செய்கின்றன.

ஒரு ஸ்கேனின் அடுக்குகள் வெவ்வேறு நேரத்தில் எடுக்கப்படுவதைச் சரிசெய்யும் அடுக்கு நேரத் திருத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடுக்குகள் எடுக்கப்பட்ட வரிசையை ஊகித்துக் கொடுக்காதீர்கள். சீமென்ஸ் ஸ்கேனர்களில் ஒன்றுவிட்டு ஒன்று எடுக்கும் முறையில், அடுக்குகளின் மொத்த எண்ணிக்கை ஒற்றைப்படையானால் வரிசை 1இலும் இரட்டைப்படையானால் 2இலும் தொடங்கும். ஸ்கேனர் எழுதும் மூலக் கோப்பான டைகாமின் தலைப்பகுதியில் ஒவ்வோர் அடுக்கின் நேரமும் இருந்தால், அதை மில்லிவினாடியிலேயே எஸ்பிஎம் 12இடம் நேரடியாகக் கொடுத்துவிடலாம். திருத்தம் செய்தபின், மாதிரியின் மைக்ரோடைம் அமைப்புகளையும் நீங்கள் தேர்ந்த குறிப்பு அடுக்குக்கு ஏற்ப மாற்ற வேண்டும். அவை இயல்பாக 16, 8 என்றிருக்கும், அதாவது 16 துண்டுகளில் 8ஆவது, ஸ்கேனின் நடுப்பகுதி. முதல் அடுக்கைக் குறிப்பாக வைத்துவிட்டு இவற்றை மாற்றாமல் விட்டால், ஏறக்குறைய அரை ஸ்கேன் நேரம் பிசகும்.

மூளையின் விளிம்பில் வளையமாகச் செயல்பாடு தெரிகிறது

தலை அசைவு. வளையத்தின் ஒரு பக்கம் கூட்டலும் எதிர்ப்பக்கம் கழித்தலுமாக இருந்தால் ஐயமே வேண்டாம். ரீஅலைன் எழுதிய ‘ஆர்பி’ என்று தொடங்கும் உரைக்கோப்பின் ஆறு நிரல்களை மாதிரியில் ‘மல்டிபிள் ரிக்ரஸர்ஸ்’ இடத்தில் சேருங்கள். முதல் மூன்று நிரல் மில்லிமீட்டர், அடுத்த மூன்று ரேடியன். திரையில் காட்டும் வரைபடத்தில் சுழற்சி பாகையில் இருப்பதால், கோப்பிலுள்ள 0.02 என்னும் எண்ணைச் சிறிதென்று எண்ணிவிடாதீர்கள். அது ஒரு பாகைக்கும் மேல். தூண்டல் வரும் ஒவ்வொரு முறையும் தலை அசைந்திருந்தால் எந்த நிரலும் இரண்டையும் பிரித்துத் தராது. அந்தத் தரவைக் கைவிட மனம் வேண்டும்.

கான்ட்ராஸ்ட் ஏற்கப்படவில்லை, அல்லது ஏற்கப்பட்டும் பொருளற்ற விடை வருகிறது

கான்ட்ராஸ்ட் என்பது எந்த நிரலை எதனோடு ஒப்பிடுவது என்று சொல்லும் எண்வரிசை. அதை ஏற்க மறுத்தால், வடிவமைப்பு அணியின் அடியிலுள்ள சிறு கட்டங்களைப் பாருங்கள். சாம்பல் நிறக் கட்டம் உள்ள நிரலைத் தனியாக மதிப்பிட முடியாது, ஏனெனில் மற்ற நிரல்களைக் கூட்டினாலே அது கிடைத்துவிடும். ஓய்வையும் செயலையும் இரண்டையுமே தனித்தனி நிலைமைகளாகக் கொடுத்து, மாறிலி நிரலும் இருக்கும்போது இது நிகழ்கிறது. அப்போதும் இரண்டின் வேறுபாட்டை, அதாவது 1 -1 என்பதை, மதிப்பிட முடியும். ஓய்வு நிரலை நீக்கிவிடுவது இன்னும் தெளிவு.

ஏற்கப்பட்டும் விடை தவறுவது அபாயமானது. மறுவினைச் சார்புடன் அதன் கால வகைக்கெழுவையும் சேர்த்திருந்தால் ஒவ்வொரு நிலைமைக்கும் இரண்டு நிரல்கள் வரும். அப்போது இரண்டாம் நிரல் இரண்டாம் நிலைமை அன்று. முதல் நிலைமையின் வகைக்கெழு. முகப்படம் ஒரு நிலைமை, வீட்டுப்படம் மற்றொரு நிலைமை என்று வைத்துக்கொண்டால், 1 -1 என்று எழுதும்போது நீங்கள் ஒப்பிடுவது முகத்தையும் வீட்டையும் அன்று, முகத்தையும் அதன் நிழலையும். 1 0 -1 0 என்று எழுத வேண்டும். ஓர் அமர்வில் ஏதேனும் ஒரு நிலைமை ஒருவருக்கு நிகழாமல் போயிருந்தாலும் நிரல்கள் இடம்பெயரும். ஆகவே ஒவ்வொருவருக்கும் நிரல்களின் பெயர்களை எஸ்பிஎம்.மேட்டிலிருந்து படித்து, பெயரைக் கொண்டே கான்ட்ராஸ்டை அமைக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்டை எழுதி வைத்துக்கொள்ளும்படி மாணவர்களிடம் நான் வற்புறுத்துவதுண்டு.

வலக்கையை அசைத்தார், செயல்பாடு மூளையின் வலப்பக்கம் தெரிகிறது

வலக்கையின் இயக்கப் புறணி இடப்பக்கம், அதாவது எக்ஸ் ஆயத்தொலைவு எதிர்மமாக உள்ள பக்கம், தெரிய வேண்டும். எஸ்பிஎம் மூளையின் இடப்பக்கத்தைத் திரையின் இடப்பக்கத்திலேயே காட்டும்; கதிரியக்கவியல் மருத்துவர்களின் வழக்கம் இதற்கு நேர்மாறு. முதலில் இந்தக் குழப்பம்தானா என்று பாருங்கள். அதுவன்று என்றால், தரவு எங்கேனும் பழைய அனலைஸ் வடிவத்தின் வழியே வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்த வடிவத்தில் இடவலம் உறுதியாகக் குறிக்கப்படுவதில்லை, படிக்கும் மென்பொருளே ஊகித்துக்கொள்கிறது. படத்தை நீங்களே திருப்பிப் போட்டுச் சமாளிக்காமல், மூல டைகாம் கோப்புகளிலிருந்து நிஃப்டியை மீண்டும் உருவாக்குங்கள். ஸ்கேன் எடுக்கும்போதே வலது நெற்றிப்பொட்டில் வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றை ஒட்டிவைத்தால் அது கட்டமைப்புப் படத்தில் வெண்புள்ளியாகத் தெரியும். பின்னாளில் எழும் எந்த ஐயத்தையும் அந்த ஒரு புள்ளி தீர்த்துவிடும்.

கண்ணாடி மூளையில் கறுப்புத் திட்டுகள் நிறைய இருக்கின்றன. அட்டவணையில் எதுவும் தேறவில்லை

கண்ணாடி மூளை என்னும், ஊடுருவிப் பார்க்கும் முடிவுப் படத்தைத் திருத்தப்படாத 0.001 வரம்பில் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு லட்சம் வோக்சல்களைச் சோதித்தால், எதுவுமே நிகழாத மூளையிலும் சராசரியாக நூறு வோக்சல்கள் இந்த வரம்பைத் தாண்டும். எனவே திட்டுகள் தெரிவதில் வியப்பில்லை; அட்டவணையில், இத்தனை சோதனைகளையும் ஒருசேரக் கணக்கில் கொண்டு எஃப்டபிள்யூஇ திருத்தப்பட்ட நிரலே பார்க்க வேண்டியது. படத்தைப் பார்த்தபின் பிடித்த திட்டைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, ‘சிறு கனஅளவுத் திருத்தம்’ செய்து முக்கியத்துவம் பெற முயல்வது பிழை நீக்குதல் ஆகாது. அந்தப் பகுதி தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

தொகுதி அளவை, அதாவது வரம்பைத் தாண்டி ஒட்டியிருக்கும் வோக்சல் திட்டின் அளவை, கொண்டு முடிவு சொல்லும்போது தொடக்க வரம்பைத் தளர்த்தாதீர்கள். 2016இல் எக்லண்ட், நிக்கல்ஸ், நுட்சன் ஆகிய மூவரும், தூண்டல் எதுவும் இல்லாத ஓய்வுநிலைத் தரவைக் கொண்டு எஸ்பிஎம் உள்ளிட்ட மூன்று மென்பொருள்களைச் சோதித்தனர். 5 விழுக்காடாக இருக்க வேண்டிய பொய் நேர்மறை, தொகுதி முறையில் சில அமைப்புகளில் 70 விழுக்காடு வரை உயர்ந்தது. தொடக்க வரம்பு 0.01 ஆக இருந்தபோது நிலைமை மோசமாகவும், 0.001 ஆக இருந்தபோது பெரிதும் தணிந்தும் இருந்தது. வோக்சல் அளவிலான திருத்தமோ கட்டுக்குள்ளேயே இருந்தது.

தொகுதி முறையின் கணக்கீடு நம்பியிருக்கும் புள்ளியியல் கருதுகோள்களைச் சாராத வழி வேண்டுவோர் எஸ்என்பிஎம் என்னும் வரிசைமாற்றச் சோதனைக் கருவிப்பெட்டியை எஸ்பிஎம்முடன் சேர்த்துக்கொள்ளலாம். அதிலும் ஓர் அறிகுறி அடிக்கடி குழப்பும்: எவ்வளவு வலுவான செயல்பாடாக இருந்தாலும் பி மதிப்பு ஒரே எண்ணில் முட்டிக்கொண்டு நிற்கும். ஒற்றைக் குழுச் சோதனையில் ஒவ்வொருவரின் குறியையும் கூட்டலாகவோ கழித்தலாகவோ மாற்றிப் பார்ப்பதால், நான்கு பேருக்கு 16 வழிகள்தான் உண்டு. கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பி மதிப்பு 0.0625, அது 0.05ஐ ஒருநாளும் தொடாது. ஐந்து பேருக்கு 0.031, பன்னிரண்டு பேருக்கு 4096 வழிகள். பி மதிப்பு முட்டி நிற்கும் எண்ணால் ஒன்றை வகுத்துப் பாருங்கள். விடை 2இன் அடுக்காக வந்தால், மென்பொருளில் திருத்த வேண்டியது எதுவும் இல்லை, இன்னும் சிலரை ஸ்கேன் செய்ய வேண்டும்.